மேசை விட்ட மூச்சு

பேனா மூடியைக் கழற்றியதும் பேனாவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறீர்கள். நல்ல பழக்கம். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. பதினேழு வருடமாக அலுவலகத்தில் நான் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான்.

சர்க்யூட் போர்டில் எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும் என்று வரைவது என் வேலை. குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவியைச் செய்கிறோம். மூச்சு நின்றால் அது அலற வேண்டும். அந்த மூச்சிலிருந்து கிடைக்கும் சிக்னல் ரொம்பச் சின்னது. அதைப் பெருக்கும் பகுதிக்கு இரைச்சலே இல்லாத, துளியும் குலுங்காத மின்சாரம் வேண்டும். அதைக் கொடுக்கத்தான் ரெகுலேட்டர். அதன் கால் கம்பியை ஒட்டி, குலுக்கலை உறிஞ்சிக்கொள்ள ஒரு கெப்பாசிட்டர்; மின்சாரம் திரும்பிப் போக அதற்குத் தனியாக ஒரு கிரவுண்ட் பாதை. நான் கேட்டது இவ்வளவுதான்.

மேனேஜருக்கு அதே இடத்தில் சார்ஜர் சொருகும் துளை வேண்டுமாம். கெப்பாசிட்டரைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளச் சொன்னார். போனுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோவின் பாதையோடு கிரவுண்டைச் சேர்க்கச் சொன்னார். மூன்று கூட்டங்களில் தொண்டை வறளப் பேசினேன். சுவரிடம் பேசியிருக்கலாம்.

மூன்றாவது கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், “அந்தக் கெப்பாசிட்டர் மேல அவ்ளோ பாசம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்யா” என்றார். சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் மில்லிமீட்டர். சாப்பிடும்போதுகூட, உப்பு டப்பாவை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தலாமா என்று அனுமதி கேட்பார்கள். எரிச்சலாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

சொன்னபடியே வரைந்து கொடுத்தேன். முதல் போர்டு வந்ததும், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கருவியை வெறும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். திரையில் நிமிடத்துக்கு இருபத்துநான்கு மூச்சு. ரேடியோ இரண்டரை விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் மின்சாரம் லேசாகக் குலுங்கி, அந்தக் குலுக்கல் மூச்சாகப் பதிவாகிறது. மேசை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்தக் கட்டடத்தில் அனுபவித்ததே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேனேஜர் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுத் தன் யோசனை என்பார். தானாக வெளியே வரட்டும், அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் சோதனையில், மூச்சு விடுவதுபோல் அசையும் ரப்பர் பொம்மையின் மூச்சை நிறுத்திப் பார்ப்போம். ஆனால் அளவுகளை ஒயர் வழியாக எடுப்போம், ரேடியோ அணைந்திருக்கும். அதனால் கருவி ஒழுங்காக அலறியது. சோதனை செய்யும் பெண் கெட்டிக்காரி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணா, ரேடியோவை ஆன் பண்ணியும் ஒருதடவை பாத்துடவா?”

“தேவையில்லம்மா” என்றேன்.

வெள்ளோட்டத்துக்கு ஊழியர் குடும்பங்களுக்கு ஐந்து கருவிகள் கொடுத்தார்கள். அந்தச் சோதனைப் பெண்ணின் தங்கைக்கு ஏழு வாரம் முன்னதாகவே குழந்தை பிறந்திருந்தது. ஒன்றை அங்கே கொண்டுபோகப் பையில் வைத்தபடி என் மேசைக்கு வந்தாள். தங்கை கண்ணே மூடாமல் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம்.

“இத நம்பி அவ கொஞ்சம் தூங்கலாமாண்ணா?”

“தாராளமா தூங்கச் சொல்லும்மா.”

அப்போது வேறு என்ன சொல்ல முடியும்? முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பாளே.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தங்கை குழந்தைக்குப் பக்கத்திலேயே படுத்து நன்றாகத் தூங்கியிருக்கிறாள். அவளாக விழித்துத் தொட்டுப் பார்த்தபோது குழந்தை சில்லிட்டிருந்தது. கருவி அப்போதும் இருபத்துநான்கு காட்டிக்கொண்டிருந்ததாம். நான் அளந்த அதே எண்.

அண்ணா என்று கூப்பிட்ட அந்தப் பெண் இப்போது என்னிடம் பேசுவதில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. புதிய போர்டில் கெப்பாசிட்டரை ரெகுலேட்டரை ஒட்டியே வைத்துவிட்டார்கள்; சார்ஜர் துளைக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. வெறும் மேசையில் பார்த்ததைத் தெரிந்தேதான் மறைத்தேன், தூங்கலாம் என்று தெரிந்தேதான் சொன்னேன். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக, கெப்பாசிட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று எழுதி, மேனேஜரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.