வளைந்த சுவரும் நேரான அலமாரியும்

டூச்சோ: அலமாரியைத் தள்ளு நீவெஸ்... இன்னும் தள்ளு!

நீவெஸ்: இதுக்கு மேல தள்ளுனா பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

டூச்சோ: ரெண்டு மூலையும் ஒட்டிடுச்சு. நடுவுல பாரு இடைவெளிய... உன் பூனையே உள்ள போயிடுச்சு!

நீவெஸ்: வெளிய வாடி செல்லம்... சொன்னேன்ல டூச்சோ? இந்த வட்டத்துல எல்லா வீடும் இப்படித்தான். அந்தக் காலத்துல ரோமானியன் ஆளுங்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கக் கட்டுன வட்டமான சண்டைக் களம். அவன் போனதும் நம்மாளுங்க அந்த வளைவுலயே வீட்டை ஒட்ட வெச்சுட்டாங்க.

டூச்சோ: நேரா ஒரு சுவர் வெச்சிருந்தா என்னவாம்?

நீவெஸ்: கல்லு சும்மா கிடைக்கறப்ப எவன்டா புதுசா கட்டுவான்? ஜன்னல் வழியா பாரேன். அந்த நேர்த்தெரு அவன் போட்டது. கோணிக்கிட்டுப் போற சந்தெல்லாம் அப்புறம் வந்தவங்க இஷ்டத்துக்கு நடந்த வழி. பீரங்கிக்குப் பயந்து ஊரைச் சுத்தி மதில் கட்டுனாங்க. இப்ப அது மேல நீ சைக்கிள் ஓட்டற! நம்ம லூக்கா ஊர்ல ஒருத்தரும் எதையும் வீணாக்கல. அதான்டா அழகு!

டூச்சோ: அழகுதான்... நான் இல்லேங்கல. ஆனா பந்தயம் பந்தயம்தான். நான் செஞ்ச அலமாரி ஒட்டி நின்னா கல்யாணத்துக்கப்புறம் இந்த வீடு. நிக்கலைன்னா மதிலுக்கு வெளிய என் வீடு. லிப்ட் இருக்கு, சுவரெல்லாம் நேரா இருக்கு...

நீவெஸ்: தோத்துட்டேன். உன் வீட்டுக்கே வர்றேன்.

டூச்சோ: அவ்ளோதானா? சண்டை போடுவேன்னுல்ல நெனச்சேன்!

நீவெஸ்: பொறந்ததுலேர்ந்து இந்தச் சுவர்ல ஒரு படம்கூட ஒழுங்கா மாட்டுனதில்ல. ஆனாலும்... விட்டுட்டுப் போக மனசு கேக்கல. நீ இல்லாம இங்க இருக்கவும் முடியாது. போதுமா?

டூச்சோ: ஏய்... அழாதே. கீழ வண்டியில ஒரு பலகை இருக்கு.

நீவெஸ்: என்ன பலகை?

டூச்சோ: அலமாரியோட முதுகு. நீ சந்தைக்குப் போனப்ப அட்டை வெச்சு உன் சுவரை அச்செடுத்தேன். அதே வளைவுல செஞ்சிருக்கேன். மாட்டிட்டா எறும்புகூட உள்ள போகாது.

நீவெஸ்: அப்போ உன் வீடு?

டூச்சோ: வாடகைக்கு விட்டாச்சு.

நீவெஸ்: அடப்பாவி! பின்ன எதுக்குடா பந்தயம்?

டூச்சோ: எனக்காக இதை விட்டுட்டு வருவியான்னு... சும்மா ஒரு ஆசை.

நீவெஸ்: நல்லா இருக்கு உன் ஆசை! இப்ப கட்டிலுக்கடியில இருக்கற பெட்டியெல்லாம் யாரு பிரிக்கறது?

டூச்சோ: எந்தப் பெட்டி?

நீவெஸ்: உன் வீட்டுக்கு வர்றதுக்குப் போன வாரமே கட்டி வெச்சது. பூனைக்குக்கூட கூடை வாங்கிட்டேன்.