சித்தப்பா தூங்கிப்போன காலை

— கைப்பிடியப் பிடிச்சுக்கங்க சித்தப்பா. நாயோட இறங்கி வர்றாங்க, அவங்க போகட்டும்.

— பாத்துக்க நெரிஸ், கரிச் சுரங்கத்துலேர்ந்து நாங்க கொண்டாந்து கொட்டின குப்பை இது. இப்ப என்னடான்னா இதுல ஏற வர்ற கூட்டத்துல, கீழ கார் நிறுத்த இடம் கிடைக்கல.

— மேலேர்ந்து பாத்தா கடல் தெரியுதே, அதான். இந்த பெஞ்சுல உக்காருங்க. டீ ஊத்தறேன்.

— எழுபத்தேழு வயசுக்காரனை டீ குடிக்கவா மேட்டுல ஏத்தினே? விஷயத்தைச் சொல்லு குட்டி.

— ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு எம்பது. விருந்துக்கு நீங்க வரணும்.

— நான் வந்தா உங்கம்மா பெரில் கேக்கை வெட்டமாட்டா, என்னைத்தான் வெட்டுவா. நாப்பது வருஷமா ஒரே தெரு. என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிடறா. இனிமே எதுக்கு?

— தப்பு உங்களோடது இல்ல, அதுக்குத்தான். அம்மாகிட்ட நான் சொல்லப்போறேன்.

— எந்தத் தப்பு?

— அப்பா மண்ணு சரிஞ்சு செத்தது. ஸ்டிரைக் நடந்த வருஷம், டிசம்பர்ல. அடுப்புக்குக் கரி இல்லாம, குப்பையோட கலந்து கிடந்த கரிக்காக இந்த மேட்டைத் தோண்டினாரே, இந்தச் சரிவுல.

— இது இல்ல. மஞ்சளா முள்ளுப்பூ பூத்திருக்கு பாரு, அங்க.

— உள்ள ஒருத்தர் தோண்டினா வெளிய ஒருத்தர் மண்ணைப் பாத்துக்கிட்டு நிக்கணும். "எம்லின் சித்தப்பாவை உடனே வரச்சொல்லு, நான் ஆரம்பிக்கறேன்"னு அப்பா என்னைத்தான் அனுப்பினாரு.

— நீ வந்து எழுப்பினே. சரின்னுட்டு நான் திரும்பத் தூங்கிட்டேன். ஊருக்கே தெரிஞ்ச கதை. குடி, டீ ஆறுது.

— நான் வரவே இல்லையே சித்தப்பா.

— குடிம்மா.

— அன்னிக்குக் காலையில சங்கத்து ஹால்ல கிறிஸ்மஸ் பொம்மை குடுத்தாங்க. பிரான்ஸ் சுரங்கக்காரங்க நமக்காக அனுப்பினது. வழியில அந்த வரிசையைப் பாத்து நின்னுட்டேன். நீல கவுன் போட்ட பொம்மை. அது கைக்கு வந்தப்புறம்தான் உங்க ஞாபகமே வந்துச்சு. வாசலுக்கு வந்தா, ஆளுங்க மண்வெட்டியோட மேட்டைப் பாத்து ஓடறாங்க.

— ம்.

— வீட்டுல கேட்டப்ப, "நான் சொன்னேன், அவர்தான் வரல"ன்னுட்டேன். நீங்களும் ஆமான்னு தலையாட்டிட்டீங்க. ஏன்?

— பத்து வயசுப் புள்ள நீ. அண்ணன் அங்க செத்துக் கிடக்கான். வேற என்ன சொல்றது?

— பாருல உங்க பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. "தூங்குமூஞ்சி"ன்னு சுவத்துல எழுதினாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு.

— ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் சுரங்கத்தையே மூடிட்டான். அவனவன் பாடு அவனவனுக்கு.

— அம்மா விடலையே. நாளைக்கே போய் உண்மையைச் சொல்றேன். என் முகத்துல முழிக்காதேன்னாலும் சரி.

— வேணாம்.

— எனக்கு அம்பது வயசு சித்தப்பா. இன்னும் எத்தனை நாள் என்னைக் காப்பாத்துவீங்க?

— உனக்காகச் சொல்லல. பெரிலுக்காகச் சொல்றேன். நீ போய்ச் சொன்னா, அவ பட்டதெல்லாம் வீணாப்போச்சுன்னு உடைஞ்சுபோவா.

— அம்மா என்ன பட்டாங்க? எனக்குப் புரியல.

— அந்தப் பொம்மையை உன் கையில குடுத்தது டிலிஸ். உங்க அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. நீ ஏழு மணிலேர்ந்து வரிசையில நின்னதை அவ அன்னிக்கே சொல்லிட்டா. சாயங்காலம் பெரில் என் கொல்லைக் கதவைத் தட்டினா.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— "நெரிஸ் வந்தாளா எம்லின்?"னு கேட்டா. வரலைன்னேன். அடுப்படியில உக்காந்து ரொம்ப நேரம் அழுதா. "இதை அவ எப்படிச் சுமப்பா?"ன்னா.

— தெரிஞ்சுமா இத்தனை வருஷம் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல?

— பேசினா, அவளுக்கு உண்மை தெரியும்னு உனக்குச் சந்தேகம் வருமே குட்டி. அதனால பேசிக்க வேணாம்னு முடிவு பண்ணினோம். அதுக்குத்தான் அவ என்கூடக் கடைசியாப் பேசினா.