இருநூற்றுப் பன்னிரண்டாம் வில்லை

அவைக்குத் தலைமையேற்றுச் சிங்கம்போல் அமர்ந்திருக்கும் அண்ணன் சுவிசேஷமுத்து அவர்களே, அத்தர் மணக்க வந்திருக்கும் குன்னூர்க் கடைவீதிப் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்த தாய்மார்களே, இடமின்றி வேலியில் தொற்றியிருக்கும் வீரர்களே! ஐந்தாம் வகுப்பை மூன்றுமுறை ஆழ்ந்து கற்ற இந்தச் சுபுஹானின் சலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

சர்வகலாசாலையின் தேயிலைச் சோதனைச்சாலையில் இன்று ஸ்டோர் பொறுப்பேற்கும் தங்கை கனகமணியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அதே தங்கை கண்ணீரோடு நின்றார். ஏன் நின்றார்? எதனால் நின்றார்? சொல்கிறேன்.

அப்போது நான் ஸ்டோர் மேஸ்திரி. தராசு இருக்கும், தட்டு இருக்காது. தெர்மாமீட்டர் ஓர் அறையில் உறங்கும், வேறோர் அறையில் விழிக்கும். சாமான்களைச் சோதிக்கச் சமவெளியிலிருந்து அதிகாரி வருகிறார் என்று தந்தி வந்தது. எல்லோரும் நடுங்கினார்கள். நான் நடுங்கினேனா? பித்தளைத் தகடு வாங்கினேன். எஸ்டேட்டில் ஆளுக்கொரு எண் கொடுப்பதுபோல் பொருளுக்கொரு எண் வெட்டிய வில்லை, ஆளுக்கொரு எண் வெட்டிய வில்லை. பொருளை எடுப்பவர் தம் வில்லையை அது இருந்த இடத்தில் அடித்த ஆணியில் மாட்டவேண்டும். ஆணியைப் பார்த்தால் ஆள் தெரியும். நானூறு வில்லை வெட்டினேன். பின்னால் யார் சிரிப்பது? மச்சானா? சரி, இருநூறு.

ஆராய்ச்சித் துரை மட்டும் வில்லை வாங்கவில்லை. "நான் என்ன கூலியா?" என்றார்.

"துரையானாலும் ஆணிக்குப் பதில் சொல்லோணுமுங்க" என்றேன். இந்த நெஞ்சைப் பாருங்கள்.

அதிகாரி வந்த அன்று மைக்ராஸ்கோப்பைக் காணோம். அதன் ஆணியில் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற வில்லை ஆடுகிறது. ஆட்களோ பத்தொன்பது பேர். பொருள்களோ நூற்றெண்பத்தொன்று.

ஹெட் கிளார்க் கருணாகரன் கனகமணிமேல் பாய்ந்தார். "சாவி உன் இடுப்புலதான இருந்துச்சு? நாலு மணிக்குள்ள சாமான் வரோணும். இல்லீனா நாளையிலிருந்து வராத."

"விடிஞ்சதும் தொறந்து கூட்டீட்டுத் தண்ணிக்குப் போனனுங்க, அத்தனைதானுங்க. மூணு பிள்ளைக இருக்குதுங்க சாமி."

அதிகாரி வில்லையைப் பார்த்து, "எழுத்து அச்சுப்போல் இருக்கிறதே, யார் வெட்டியது?" என்றார். பாராட்டு காதில் விழுந்தபின் இந்த நாக்கு நிற்குமா? "அடியேன்தானுங்க" என்றேன்.

"அப்படியானால் யாருக்குக் கொடுத்தாய்?"

 கனகமணி என்னைப் பார்த்தார். "அண்ணா, நீங்க வெட்டுனதுதானுங்களே? யாருக்குன்னு சொல்லீருங்க. என்ற சோறு போயிருமுங்க."

மூன்றரை மணி. பெரியோர்களே, என் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு பெருமையைத் திருப்பிக் கொடுத்தேன். "நான் வெட்டலீங்க. என் எழுத்து இத்தனை நேரா இருக்காதுங்க."

அதுவரை என் சொல்லை நம்பி யாரும் வில்லையின் பின்புறத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி திருப்பினார். நாய் வளர்க்க முனிசிபாலிட்டி முத்திரையோடு கொடுக்கும் லைசென்சு வில்லை!

வாசலில் இரைச்சல். ஒரு கையில் மைக்ராஸ்கோப், மறு கையில் நாயோடு துரை வருகிறார். எனக்கு வேடிக்கை காட்ட, காலையில் நாயின் வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மைக்ராஸ்கோப்போடு சோலூர்த் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். கழுத்து வெறுமையாய்த் திரிந்த நாயை நாய்பிடிப்பவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்; கெஞ்சி மீட்டுக்கொண்டு வருகிறார்.

கனகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாய்க்கு வில்லை இல்லீனா வண்டிங்க. எனக்கு இருந்தும் வண்டிதானுங்களா?" என்றார்.

துரை தொப்பியைக் கழற்றினார். அன்றே இருபதாம் வில்லையை வாங்கினார்.

தோழர்களே, காணவில்லை என்றதும் கள்ளர் யார் என்று கேட்பது அறிவா? கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்பது அறிவா? முதல் கேள்விக்கு எளியவர் அகப்படுவார். இரண்டாவது கேள்விக்குப் பொருள் அகப்படும்!

பொறுமையாய்க் கேட்ட புண்ணியவான்களுக்கு நன்றி. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகள் சோதனைச்சாலை நாற்காலிகள். அடியில் வில்லை இருக்கிறது. அவற்றின் ஆணியில் தொங்குவது கனகமணியின் வில்லை; ஒன்று குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்லவேண்டும். கைதட்டிவிட்டு நாற்காலியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு என் வணக்கம். அவருக்கு உங்கள் வணக்கம்.