கட்டை வெச்சாச்சா?

அந்தக் கதவில் சாய்ந்துவிடாதீர்கள் சார், பெயிண்ட் இன்னும் காயவில்லை. இந்தப் பச்சை சட்டையில் ஒட்டினால் எத்தனை முறை தோய்த்தாலும் போகாது. அந்த ஸ்டூலில் உட்காருங்கள். லேசாக ஆடும், ஆனால் விழாது.

என் மனைவி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. புதுச் சட்டை எனக்கு நன்றாக இல்லை என்றால் கடைக்காரர் எதிரிலேயே போட்டு உடைத்துவிடுவாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இந்த ஜீப்பை நான் ஏலத்தில் எடுத்தபோது என் மகளுக்குப் பத்து வயது. காட்டு இலாகா கழித்துப் போட்ட வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறா, மணலா, மேடா என்று பார்க்காது. நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். பகலெல்லாம் பஸ்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து இதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். மகள் இதில்தான் வண்டி ஓட்டக் கற்றாள். கிளட்சுக்குக் கால் எட்டாது. பெடலின்மேல் ஒரு மரத்துண்டை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தேன். அதனால் அவளுக்குப் பொடிசு என்று பேர். வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டது நான் மட்டும்தான். பிறகு அவள் புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

கல்யாணமாகி நான்காம் வருடம் ஒரு காய்ச்சல். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சர்வேயர். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளப்பவர், ஆனால் அன்று என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பார்வையை எங்கேயாவது வைக்கவேண்டுமே என்று இந்தக் கொட்டகைக்குள் பார்த்தார். ஜீப்பின் நான்கு டயரும் காற்றிறங்கி, தரைத் தகடு ஓட்டையாகி, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. "மாமா, இத ஓட வெக்கலாமா? இதுல மலைக்குப் போகணும்னு பொடிசு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். அதற்கடுத்த ஞாயிறும்.

அவருக்கு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். முதல் நாளே ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது. ஜாக்கியால் தூக்கிவிட்டு, சேசிஸ் சட்டத்துக்குக் கீழே கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுக்கவேண்டும். அடியில் போகிறவர் "கட்டை வெச்சாச்சா" என்று கேட்கவேண்டும். வெளியே நிற்பவர் பார்த்துவிட்டு "வெச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். டிப்போவில் அந்தப் பதிலைக் கேட்காமல் ஒருவரும் தலையை உள்ளே விடமாட்டோம். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார், நானும் சொன்னேன்.

வேலை செய்துகொண்டே மகளைப் பற்றிப் பேசுவார். எனக்குத் தெரியாததைப் பேசுவார். தூங்கும்போது காலுறை போட்டுக்கொள்வாளாம். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் வாய்க்குள் பாடுவாளாம், சுருதி கொஞ்சமும் சேராதாம். சண்டை போட்டால் பேசமாட்டாளாம், ஆனால் அவர் செருப்பை எடுத்து நேராக வைத்துவிட்டுப் போவாளாம். ஒரு ஞாயிறுக்கு ஒன்றாவது எனக்குப் புதிதாகக் கிடைக்கும். மகள் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆகவே எனக்கு இருந்த ஒரே வழி அவர்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறுவரை ஓட்டுவேன். செத்துப்போன பெண் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருந்தாள், சார். அதை எப்படி நிறுத்துவது?

முதல் தடவை நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எஞ்சின் கிளம்பவேண்டிய நாள். கார்புரேட்டருக்குள் துடைத்த பஞ்சு நூல் ஒன்று சிக்கியிருப்பது என் கண்ணில் பட்டது. எடுக்கலாம் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சரி மாமா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புதன்கிழமைகளில் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போவாள், சாயங்காலம்தான் வருவாள். ஞாயிறு செய்ததில் பாதியை நான் புதனில் அவிழ்ப்பேன். அவர் மூன்று வாரம் தேய்த்துப் பளபளவென்று வைத்த தரைத் தகட்டில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுவைத்தேன். நாலே நாளில் துரு எட்டிப் பார்த்தது. இந்தக் காற்று அப்படி என்று சொன்னேன், அவரும் நம்பினார். ஒரு வாரம் ஒயரை இழுத்துவிடுவேன், ஒரு வாரம் பெட்ரோல் டேங்கில் அரைக் கிளாஸ் தண்ணீர். ஒழுங்காகச் செய்தால் ஆறு மாத வேலை. இரண்டு வருடம் இழுத்தேன். டிப்போவில் இப்படிச் செய்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பிள்ளைய விட்டுடுங்க" என்றாள். நான் யாரையும் பிடித்து வைக்கவில்லையே என்றேன்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். கியர்பாக்ஸ் போல்ட்டுகள் மட்டும்தான் பாக்கி. இனி அவிழ்ப்பதற்கும் எனக்குச் சாக்கு இல்லை, ஏனென்றால் அவரும் இரண்டு வருடத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டார். முந்தின வாரம் பெட்ரோலில் தண்ணீர் இருப்பதை பாட்டிலில் பிடித்துப் பார்த்தே கண்டுபிடித்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் ஆபீசுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர். நல்ல மாதிரி. இரண்டு பேரும் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கிறார்கள், கிடைத்துவிட்டது. வண்டி முடிந்ததும் நாம் மலைக்குப் போய்வந்துவிட்டு, அப்புறம் கல்யாணம். "உங்கள வந்து பாக்காம இருக்க மாட்டேன் மாமா" என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். ஓய்வு பெற்ற அன்று டிப்போ வாசலில் நின்று நானும் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, பொடிசு இருந்தால் அவளே சம்மதித்திருப்பாள் என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அடுத்த ஞாயிறு வராது, அதற்கடுத்ததும் வராது, என் பெண் அன்றைக்கு எவ்வளவு இருந்தாளோ அவ்வளவோடு நின்றுபோய்விடுவாள். இது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஜாக்கியை ஏற்றி முன்பக்கச் சக்கரங்களைக் கழற்றினேன். கட்டை கொட்டகையில் இல்லை. குழாயடியில் இருந்தது. மனைவி காலையில் அதன்மேல்தான் ஈரத்துணி வாளியை வைத்திருந்தாள். இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. நீலவாளி, பாருங்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மாப்பிள்ளை சாக்கைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்தார். "கட்டை வெச்சாச்சா மாமா?"

"வெச்சாச்சு" என்றேன்.

என் மனைவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேள்வியையும் கேட்டாள், பதிலையும் கேட்டாள். சத்தம் வந்ததும் திரும்பிப் பார்த்தவள் வாளியையும் அதற்கடியில் இருந்த கட்டையையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நான் ஜாக்கியில் ஆயில் கசிந்தது, கட்டை வழுக்கிவிட்டது என்று சொன்னபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஜாக்கியில் ஆயில் கசியவில்லை. அது நல்ல ஜாக்கி. வெச்சாச்சு என்று சொன்னபிறகு, "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் படுங்க மாப்பிள்ளை, கை எட்டாது" என்று சொன்னேன். அவர் தள்ளிப் படுத்தார். முன் அச்சு முதலில் அவர் வயிற்றுக்கு மேலே இருந்தது, இப்போது முழங்காலுக்கு மேலே வந்தது. சரியாக வந்ததா என்று குனிந்து பார்த்தேன். பிறகு ஜாக்கியை இறக்கும் திருகை அரைச் சுற்று திறந்தேன். கொல்லவேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை, அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளவேண்டும். அவர் செத்தால் எனக்கு என்ன மிச்சம்?

வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். இடது கால் இருக்கிறது, மடங்காது. அவருக்குப் பெற்றோர் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. நான் இங்கே கூட்டிவந்தேன். மகளின் அறையைக் கொடுத்தேன். அதோ அந்த ஜன்னல்தான். நானே குளிப்பாட்டுகிறேன், நானே கட்டிலில் ஏற்றி இறக்குகிறேன். பெற்ற பெண்ணுக்குக்கூட நான் இதெல்லாம் செய்ததில்லை, அவள் அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் மூன்று ஞாயிறு வந்தார்கள். பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை தூங்குகிறார் என்றேன் முதல் தடவை. அடுத்த தடவை, யாரையும் பார்க்கப் பிரியமில்லை என்கிறார் என்றேன். மூன்றாம் தடவை, உங்கள் வாழ்க்கையை நீங்கள் பாருங்கள் அம்மா என்று அவரே சொல்லச் சொன்னதாகச் சொன்னேன். நாலாவது ஞாயிறு வரவில்லை. மாப்பிள்ளையிடம், டீச்சர் ஒருதடவைகூட வரவில்லையே, இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று வருத்தப்பட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வருகிறவர்கள் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் வரவேண்டும், ஆனால் அந்த நேரத்தில் அவர் தூங்கியிருப்பார்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதனால்தான் வண்டியைத் திரும்பவும் கையில் எடுத்தேன். காலே வேண்டாம், முழுக்கக் கையாலேயே ஓட்டலாம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பாருங்கள், இந்த நெம்புகோலை முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் கிளட்ச். நானே யோசித்து, நானே வெல்டிங் வைத்தது. சீட்டைத் தாழ்த்தி, சக்கர நாற்காலியிலிருந்து நேராக நகர்ந்து ஏறும்படி பலகை போட்டிருக்கிறேன். பச்சை அவளுக்குப் பிடித்த நிறம். முடிந்ததும் மாப்பிள்ளையே ஓட்டி எங்களை மலைக்குக் கூட்டிப்போகவேண்டும் என்பது என் ஆசை.

போன புதன்கிழமை, பழைய வழக்கம்போல, கிளட்ச் கேபிளின் இழைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி அக்கா வீட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். கதவருகே நின்று என் கையிலிருந்த கட்டரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அன்னிக்கு அந்தக் கட்டைமேல வாளிய வெச்சது நான். சாயங்காலம் நான் எடுக்கிறவரைக்கும் அது அங்கதான் இருந்துச்சு" என்றாள். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நீங்கள் கூப்பிடுகிற இடத்துக்கு நான் வருகிறேன். எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் பத்து மணிக்கு அவருக்கு மாத்திரை, பதினொன்றுக்கு முதுகைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் அவர் கூச்சப்படுவார். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள் சார்?

ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. அடிபட்ட நாளிலிருந்து அவர் பொடிசைப் பற்றிப் பேசுவதில்லை. பதினோரு மாதத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. மாத்திரை மயக்கம் என்று நினைக்கிறேன். மெல்லச் சொல்வார், இனி அவசரம் ஒன்றும் இல்லை. என்னோடு பேசுவதே ஒரே ஒரு வாக்கியம்தான். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதற்கு முன்னால், தினமும் இரண்டு வேளை, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். "கட்டை வெச்சாச்சா மாமா?"

நாற்காலிச் சக்கரத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, வெச்சாச்சு என்பேன். அவர் குனிந்து, தானே ஒருமுறை பார்த்து, கையால் தொட்டும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கம்பியை விடுவார்.

நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் சார். ஒருநாள்கூட மறந்ததில்லை.