பாதி மலையில் மாற்றிய வண்டி

பழைய சொகுசுக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். மேட்டில் அது ஏறுகிற அழகைப் பார்த்து மயங்காதீர்கள். இறக்கத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கார் பத்திரிகையில் இத்தனை வருஷமாக இதைத்தான் எழுதி வருகிறேன் ஐயா.

அன்றைக்கும் அதே வேலைதான். நீள மூக்கு வைத்த கறுப்பு வண்டி ஒன்று, அந்தக் காலத்தில் அதற்குப் போட்டியாக வந்த வெள்ளை வண்டி ஒன்று. ஓட்டுவது நானும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவன். மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கியதும் நிறுத்தி, வண்டியை மாற்றிக்கொள்வோம். ஓட்டுகிறவனின் சாமர்த்தியம் வண்டியின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது, அதற்காக. பிரேக் ஆறிய பிறகே மறுபடி கிளம்புவதும் வழக்கம்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு சோதனைக்கு அவன் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். வண்டி சுவரில் மோதியது. அவள் போய்விட்டாள், அவன் பிழைத்தான். விசாரணையில் அவள்தான் ஓட்டினாள் என்று வாய் கூசாமல் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் அவள். அவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இருந்தாலும் நான் அவசரக்காரன் இல்லை.

கறுப்பு வண்டியில் ஒரு நட்டைக்கூட நான் தொடவில்லை. கியரைக் குறைக்காமல், பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் பாதி மலை இறங்கினேன், அவ்வளவுதான். பழைய பிரேக் அப்படிச் சூடேறினால் அப்புறம் பேருக்குத்தான் இருக்கும். மழை வரும்போல் இருக்கிறது, உடனே கிளம்பலாம் என்று சாவியை நீட்டினேன்.

"என்ன மச்சான், கருகுற வாடை அடிக்குது?"

"பழைய வண்டி மாப்பிள்ளை, அப்படித்தான் இருக்கும். பிரேக் நல்லாவே பிடிக்குது."

அவன் நம்பினான். நான் வெள்ளை வண்டியில் பின்னாலேயே போனேன். செங்குத்தான வளைவில் அவனுடைய பிரேக் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது. மனசு நிறைந்தது ஐயா, பொய் சொல்ல மாட்டேன்.

அவனோடு செத்துப்போன படமெடுக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள். வண்டி மாற்றும் இடத்தில் காத்திருந்தவள், எப்போதும்போல் அவன் பக்கத்தில் ஏறினாள். என்னோடு வரச் சொல்லியிருக்கலாம், உண்மைதான். ஆனால் வழக்கத்தை மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். சீட் பெல்ட்டைத் தேடினாள். அந்தக் காலத்து வண்டியில் அதெல்லாம் கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியதும் நான்தான். நல்ல பெண். அவள்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே பெஞ்சில் காலையிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவளுடைய அண்ணனாம். உள்ளே வரும்போது என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். நான் அவருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.