சீல் பிரிக்காத கண்டென்சர்

கூட்டத்தை நடத்தும் தலைவர் அஸ்கர் அவர்களே! முன்வரிசையில் காதுக்கருவியைத் திருகிக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! ரை ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று கதவோரம் காத்திருக்கும் நண்பர்களே! லிம்ஃபியோர்டுக் கரைப் பழைய வானொலிச் சங்கத்தார் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஃப்லெமிங்கைப் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தின் மீது இப்போது வாக்களிக்கப் போகிறீர்கள். டோர்த்தெ அம்மையாரின் வானொலியை அவன் புகையவிட்டான் என்பது குற்றச்சாட்டு. தீர்மானத்தை எழுதியவன் யார்? நான்! பிறகு ஏன் வாக்கெடுப்புக்கு முன் பேச எழுந்தேன்?

என்ன அஸ்கர், கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்? முப்பது ஆண்டுகளாக என்னை முழுதாகப் பேசவிடாத சங்கம் இது. இன்று விடமாட்டேன்.

நான் பட்டம் பெற்றவனல்ல. பால் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே, செத்த வானொலிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன். அளக்காமல் கழற்றாதே, அளக்காமல் மாட்டாதே என்று கத்தினேன். கேட்டீர்களா? பெட்டியைத் திறந்ததும் கண்டென்சர்களை எல்லாம் பிடுங்கிப் புதிதாக மாட்டுகிறீர்கள். எது கெட்டது? ஏன் கெட்டது? யாருக்குத் தெரியும்?

டோர்த்தெ அம்மையாரின் பெட்டி வந்தபோது அதன் குரல் கரகரத்தது. அளந்தேன். ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வின் கிரிட் என்ற முனையில் மின்னழுத்தமே இருக்கக் கூடாது; பதினோரு வோல்ட் இருந்தது. இசையை மட்டும் உள்ளே விட்டு, மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டிய கண்டென்சர் கசிகிறது என்று கண்டுபிடித்தேன். அதை மாற்றினேன். பாட்டு தேனாய் வந்தது!

அடுத்த சனிக்கிழமை மேசையில் ஃப்லெமிங்கின் முறை. அவன் ஓடவிட்டதும் பெட்டி அரைமணி நேரம் பாடியது. பிறகு புகை. டிரான்ஸ்ஃபார்மர் கருகியது. அதற்கு மாற்று இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று நான் ஃப்லெமிங் மீது பாய்ந்தேன்.

"டேய், நடுவுல பல்பு போட்டுப் பாத்தியா இல்லையா?"

சுவர் மின்சாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டும் அந்தப் பல்பு, உள்ளே ஷார்ட் இருந்தால் பளீரென்று எரிந்து எச்சரிக்கும்.

"போட்டேன்ணே. மங்கலாத்தான் எரிஞ்சுச்சு."

"பொய் சொல்லாத! நேரா சுவத்துல சொருகியிருப்ப!"

"அவரு பல்பு போட்டாரு, நான் பாத்தேன்" என்றார் டோர்த்தெ அம்மையார்.

"உங்களுக்குப் பல்பப் பத்தி என்னம்மா தெரியும்?"

"கலங்கரை விளக்கத்துல நாப்பது வருஷம் குப்பை கொட்டினவகிட்டயா கேக்குறீங்க?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றும் எல்லோரும் சிரித்தீர்கள். ஃப்லெமிங் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போனவன், இன்றுதான் வந்திருக்கிறான்.

அவன் குற்றத்தை நிரூபிக்கவே வியாழக்கிழமை அந்தப் பெட்டியைப் பிரித்தேன். நான் போட்ட கண்டென்சரைக் கழற்றி முழு மின்னழுத்தத்தில் வைத்தேன். மீட்டரின் முள் அசையவில்லை. நிம்மதி! ஆனால் பெட்டிக்குள் சூடு இருக்குமே? மனைவியின் முடி உலர்த்தியால் அதைச் சூடாக்கினேன். முள் ஏறியது. ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது! என் நெஞ்சோ இறங்கியது. குளிர்ந்திருந்தபோது கசியாததால் பல்பு மங்கலாய் எரிந்திருக்கிறது; சூடேறியதும் அது கசிய, வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து டிரான்ஸ்ஃபார்மரைக் கருக்கியிருக்கிறது.

அந்தக் கண்டென்சர் எங்கிருந்து வந்தது? என் இழுப்பறையிலிருந்து. அறுபது ஆண்டுகளாகச் சீல் பிரிக்காத உறை. அந்தக் காலத்துப் பெட்டிக்கு அந்தக் காலத்துப் பாகம்தான் என்ற வீம்பு எனக்கு. பயன்படுத்தாத பொருள் கெட்டிருக்குமா என்று நினைத்தேன். உறைக்குள்ளேயே அதன் காகிதம் ஈரம் குடித்திருந்தது. உங்களுக்கெல்லாம் அளக்கச் சொன்னவன், அன்று அளக்கவில்லை.

ஃப்லெமிங், உன் மேல தப்பில்லப்பா. மன்னிச்சிரு. என்ன சொல்கிறாய்? 'இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே'யா? அன்னைக்கு எனக்குத் தெரியாது. வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன்.

ஆம், தாய்மார்களே, பயந்தேன். அந்த மேசை இல்லாவிட்டால் சனிக்கிழமை காலையில் நான் எங்கே போவேன்? மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

தலைவர் அவர்களே! தீர்மானத்தின் வாசகத்தில் ஒரு சொல்லும் மாற வேண்டாம். பெயரை மட்டும் அடித்து என் பெயரை எழுதுங்கள். அளக்காமல் பிடுங்குகிறவர்களே, மகிழ வேண்டாம்! பார்வையாளர் நாற்காலியிலிருந்தும் உங்களைப் பார்த்துக் கத்துவேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வாக்கெடுப்பைத் தொடங்குங்கள், அஸ்கர். ஆதரிப்போர் கை உயர்த்தலாம் அல்லவா? இதோ, முதல் கை என்னுடையது. வணக்கம்.