அந்தத் தையலைப் பிரிச்சுப் பாருங்க

"ஹலோ... வைக்காதீங்க. வச்சா மறுபடியும் பண்ணுவேன். ரெண்டு தடவை வச்சுட்டீங்க, மூணாவது தடவையும் நான்தான்... ஆமா... ஆமா, நானேதான்... இல்ல, வாண்டுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா. நாளைக்குப் போட்டிக்கு உள்ளே உக்காந்து பூட்ஸுக்கு பாலிஷ் போடுறா... சரி, அக்கான்னு கூப்பிடல... சரி, பேரைச் சொல்லியும் கூப்பிடல. எதுவும் கூப்பிடாமலே பேசுறேன், போதுமா?"

ஒருவருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவள், அவரை விவாகரத்து செய்துவிட்டுப் போன முதலாமவளை என்னவென்று கூப்பிடுவது என்பதை உறவுமுறை வகுத்த பெரியவர்கள் யோசிக்காமலே விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இவள் அந்த நம்பருக்குப் பேசியது ஐந்து தடவை. ஐந்து தடவையும் முதல் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

இவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று சொன்னால் எப்பேர்ப்பட்ட மனிதரும் கேட்பார். அந்தப் பக்கம் பேசுகிறவள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவள். நறுக்கென்று வெட்டுகிற கை, அதைவிட நறுக்கென்று வெட்டுகிற வாய். இருவருக்கும் நடுவில் பதினொரு வயதில் ஒரு பெண். பெற்றவளிடம் ஐந்து நாள், அப்பா வீட்டில் சனியும் ஞாயிறும். குதிரையேற்றப் பள்ளி அப்பா வீட்டுப் பக்கம் இருந்ததால் அந்த இரண்டு நாளும் அவள் தரையில் இருப்பதே அபூர்வம். இரண்டு வீட்டிலும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு வீடும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"விஷயத்துக்கு வர்றேன். அந்த ஹெல்மெட்... ஆமா, உங்ககிட்ட இருக்கிறதுதான். போட்டிக்குப் புதுசா வெல்வெட் உறை தைக்கிறேன்னு போன ஞாயித்துக்கிழமை கொண்டுபோனீங்களே, அது. அதை நாளைக்கு வாண்டு போட வேணாம்... கேளுங்க... முழுசாக் கேளுங்க. நான் வேற ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்... ஆமா, நான்தான் வாங்கினேன்... ஆமா, உங்களைக் கேக்காமத்தான்..."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அந்தத் தூரத்திலும் சத்தம் குறையவில்லை. சமையலறை மேஜை மேல் அந்தப் புது ஹெல்மெட் இருந்தது. கறுப்பு. பளபளப்பு கிடையாது, அழகும் கிடையாது. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருந்தது. பக்கத்தில் அளவு டேப்பைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"அழகா இல்லதான். யாரு அழகுன்னு சொன்னா?... உங்களுது அழகுதான். குதிரைப் பள்ளியில எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க, ஒத்துக்கிறேன். ஆனா அது அவ தலைக்கு ஒரு சைஸ் பெரிசு... வளர்ற பிள்ளைதான். வளரட்டும். ஹெல்மெட் என்ன பள்ளிக்கூட யூனிஃபார்மா, உள்ளே மடிச்சுத் தச்சு வருஷா வருஷம் இறக்கி விட?... ஸ்பாஞ்ச் வச்சீங்க, தெரியும்... தெரியும், மிஷின்ல விடாம உங்க கையாலதான் தச்சீங்க... ஸ்பாஞ்ச் அமுங்கிடுதுங்க. அவ தலையை ஆட்டினா தலை ஒரு பக்கம் போகுது, ஹெல்மெட் ஒரு பக்கம் போகுது. தாண்டும்போது கண்ணு மேல வந்து விழுதாம்."

கண் மேல் விழுகிறது என்று வாண்டு சொன்னதால்தான் இவள் இன்று காலை ஹெல்மெட் கடைக்கே போனாள். கடைக்காரர் பொறுமைசாலி. டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துப் பின்மண்டை வரை சுற்றி அளந்து வரச் சொன்னார். பட்டியை மாட்டாமலே தலையை ஆட்டினால் நெற்றித்தோலும் சேர்ந்து அசைய வேண்டும், அதுதான் சரியான அளவு என்றார். தாடைப் பட்டிக்குள் இரண்டு விரல் போகலாம், மூன்றாவது போகக் கூடாது. சோதனை பண்ணிப் பாஸான முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து குதிரை மேல் ஏற்றுகிறவர்களை நினைத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்குமாம். கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று கேட்டார். பழைய ஹெல்மெட் எப்போதாவது அடி வாங்கியிருக்கிறதா? வாங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே அது செத்துப்போயிருக்கும். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடி வாங்கியிருந்தது. போன சனிக்கிழமை, குதிரைப் பள்ளிக் கொட்டடிக்குப் பின்னால், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவர் மேல் ஏறி நின்று தானாகவே குதிரை மேல் தாவப் பார்த்திருக்கிறாள் வாண்டு. குதிரை ஓர் அடி நகர்ந்துவிட்டது. தொட்டி விளிம்பில் பின்மண்டை மோதியது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தவள், அன்று சாயங்காலம் சித்தியிடம் மட்டும் சொன்னாள். அம்மாவுக்குத் தெரிந்தால் குதிரை அன்றோடு நின்றுவிடும், குதிரை மாஸ்டரிடம் சொன்னால் அவர் முதல் வேலையாக அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவார், அதனால் சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினாள். இவளும் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டாள். தலையை மட்டும் மறுநாள் தன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினாள். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

உண்மையைச் சொன்னால் இவளுக்கு அந்த ரகசியம் பிடித்திருந்தது. நான்கு வருஷமாகத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாம் என்ற அளவில் இருந்த உறவு. இப்போது ஒரு ரகசியம் கிடைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும், ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆகவே சைஸையும் ஸ்பாஞ்சையும் வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று போனை எடுத்திருந்தாள்.

"என்ன சொன்னீங்க?... இல்ல, திரும்பச் சொல்லுங்க... பிள்ளையை விலைக்கு வாங்குறேனா? ஒரு ஹெல்மெட்டைக் குடுத்தா?... அப்படி வாங்கணும்னா குதிரையையே வாங்கிக் குடுத்திருப்பேனே, இந்தச் சட்டியை ஏன் வாங்குறேன்?... ஆமா, கதையில வர்ற சித்திதான். அந்தச் சித்தி அடுப்புல தள்ளுவா, நான் தலைக்கு ஹெல்மெட் வாங்குறேன். கொஞ்சம் முன்னேறியிருக்கோம்ல... அவரா? அவரு மொட்டை மாடியில இருக்காரு. உங்களுக்குப் போன் பண்ணப் போறேன்னு சொன்னதும், மூணு நாளா காயுற துணியை எடுக்கணும்னு ஞாபகம் வந்துடுச்சு... ஆமா... ஆமா. அந்த ஒரு விஷயத்துல நீங்க சொல்றது ரொம்பச் சரி... எனக்கும்தான்."

இருவரும் ஒரே கட்சியில் நின்றது அந்த ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அந்தப் பக்கம் மறுபடியும் ஏறிவிட்டது.

"கத்தாதீங்க... நான் உங்க தையலைக் குறை சொல்லல. உங்க கை எப்படின்னு இந்த ஊருக்கே தெரியும்... பொறாமையா? எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது, உங்க மேல எனக்கு என்ன பொறாமை?... சரி, பொறாமைன்னே வச்சுக்குங்க. பொறாமையிலதான் சொல்றேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அதை மாட்டாதீங்க."

அப்போதுதான் வாசற்படியில் வாண்டு நிற்பதைப் பார்த்தாள். விரல் பத்திலும் கறுப்பு பாலிஷ். ஒரு கையில் பூட்ஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. இன்னொரு கையை விரித்து, போன வாரம் அடித்துக் கொடுத்த அந்த உள்ளங்கையைக் காட்டினாள். காட்டிவிட்டு, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"இல்ல, இருக்கேன்... சொல்லுங்க... ம்... நாளைக்கு நீங்களே கொண்டு வருவீங்க, நீங்களே மாட்டி விடுவீங்க. தெரியும்... நான் அந்தப் பக்கமே வரக் கூடாது. சரி... புதுசைக் குப்பையில போடணும். சரி. போட்டுடுறேன். அதெல்லாம்... வைக்காதீங்க. ஒரு நிமிஷம். வைக்காதீங்க."

வாண்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ விழுந்துட்டா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. அதுவரை அது ஓடியதே இவளுக்குத் தெரியவில்லை.

"போன சனிக்கிழமை. அந்த ஹெல்மெட்டோடதான். பின்மண்டை, தண்ணித் தொட்டி விளிம்புல... முதல்ல உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?... ஒண்ணும் இல்ல. மறுநாளே எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டேன். வாந்தி இல்ல, மயக்கம் இல்ல, இன்னிக்குக் கேட்டப்பவும் தலைவலியே இல்லன்னுதான் சொன்னா... ஆமா, உங்ககிட்ட சொல்லல... ஆமா, ஏழு நாளா... தப்புதான்... ஆமா, பெரிய தப்பு... திட்டுங்க. இதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

வாசற்படியில் பூட்ஸ் மட்டும் கிடந்தது. உள் அறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் வாண்டு தாழ்ப்பாள் போட்டது இதுதான் முதல் தடவை. இவள் கதவைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தாள். ஆனால் அந்தப் பக்கம் திட்டு நிற்கவில்லை, அழக்கூட நேரம் தரவில்லை.

"கேக்குறேன்... ம்... ம்... தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அதைத்தான் நானும் சொல்றேன். போன தலைப்பாகையை யாராவது மறுபடி எடுத்துக் கட்டுவாங்களா?... அது ஒரு அடிக்குத்தாங்க. ஒரு அடியை வாங்கிட்டா அதோட வேலை முடிஞ்சுது. அடுத்த அடி நேரா தலைக்குத்தான்... வெளியே எப்படித் தெரியும்? நீங்க போட்ட உறை அப்படி, பிசிறு தெரியாது... என்னை நம்ப வேணாம். நம்பவே வேணாம். அந்தத் தையலைப் பிரிச்சுப் பாருங்க... உங்க கையாலயே பிரிங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மரப்பலகை மேல் எதையோ வைக்கிற சத்தம். பிறகு கத்தரிக்கோல். கறக், கறக் என்று ஒவ்வொரு தையலாக அறுபடுவது போனில் தெளிவாகக் கேட்டது. வைத்துத் தைத்த கையே அறுத்தது. ஒரு வாரத்து வேலை அது, பொடித் தையல்.

"உறை வந்துடுச்சா?... மேல் ஓட்டுல ஒண்ணும் தெரியலியா. பரவால்ல. உள்துணியையும் எடுங்க... ஸ்பாஞ்ச் முழுசும்... அடியில வெள்ளையா, தெர்மாகோல் மாதிரி இருக்கும்... அதான். வலது காதுக்குப் பின்னால போங்க... கொஞ்சம் மேலே... விரலை வச்சுத் தடவுங்க... ம்... குழியா?... கட்டைவிரல் போகுதா?... ம்... ஆமா. அது பஞ்சு மாதிரி திரும்ப எழும்பாது... ஆமாங்க. அவ தலைக்குப் பதிலா அதுதான் நசுங்கியிருக்கு."

எக்ஸ்ரே அறையில் எத்தனையோ அம்மாக்களின் முகத்தை இவள் பார்த்திருக்கிறாள். படத்தைப் பார்க்கிற அந்த நிமிஷத்து முகம். இங்கே முகம் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருந்தது. பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெண் மேல் இவளுக்குப் பாவமாக இருந்தது.

"இருக்கீங்களா?... ம்... நாளைக்கு அவ குதிரை ஏறணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. பெத்தவ நீங்கதான். ஏறுறதா இருந்தா இந்தச் சட்டியை மாட்டிக்கிட்டு ஏறட்டும்... சரி... அம்பத்தி நாலு. அம்பத்தி நாலு சென்டிமீட்டர்... மூணு தடவை அளந்தேன், முடியைப் பின்னிவிட்டு அளந்தேன்... சரி, காலையில நீங்களே வந்து மாட்டிப் பாருங்க. வாசல்லயே நின்னு பாருங்க, உள்ளே வர வேணாம்... தெரியும், என்னை மன்னிக்கல. நான் கேக்கவும் இல்ல... என்ன?... என்ன கேட்டீங்க?... ஏன் எங்கிட்ட சொன்னாளா?"

இந்த முறை அந்தப் பக்கம் குரல் உயரவில்லை. இந்த ஒரு வாரமும் பஸ்ஸில், அடுப்படியில், எக்ஸ்ரே பெட்டியின் முன்னால் இவள் இதே கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பதிலை இப்போது வாய்விட்டுச் சொல்லிக் காயப்படுத்தலாம். நான்கு வருஷத்து ஏச்சுக்கும் ஒரே அடியில் கணக்குத் தீரும். வாயைத் திறந்தாள். சாத்தியிருந்த கதவு கண்ணில் பட்டது.

"நானும் ஒரு வாரமா அதை நெனச்சு நெனச்சுச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்... இல்ல, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. உங்களை விட என்னைப் பிடிச்சுப்போய் சொல்லல... இல்லங்க, சத்தியமா இல்ல. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னா குதிரை நின்னுடும். அவங்கப்பா சொன்னாலும் நின்னுடும். நான் வேணாம்னு சொன்னா இந்த வீட்டுல எதுவும் நிக்காது. அது அவளுக்கு நல்லாத் தெரியும். அதான் எங்கிட்ட சொன்னா... ஹலோ?... கேக்குதா?... ஹலோ?"

லைன் கட்டாகியிருந்தது. அந்தப் பக்கம் எந்த வார்த்தை வரை கேட்டது என்று இவளுக்குத் தெரியவில்லை.